தோலுக்கு அடியில் பூஞ்சை: வாசகர் கேள்விகளும் மருத்துவர் பதில்களும்

படர்தாமரை, தேமல், நகச்சொத்தை போன்ற மேற்தோல் பூஞ்சைகளைப் பற்றி இப்பகுதியில் பலமுறை எழுதியாகிவிட்டது. முள்ளோ மரச்சிராயோ குத்திய வழியாக உள்ளே நுழைந்து, தோலுக்கு அடியில் மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் அதிக வலியில்லாமல் வளர்கின்ற பூஞ்சைகளின் போக்கு முற்றிலும் வேறானது. அவற்றைப் பற்றி வந்த கடிதங்களை மட்டும் இம்முறை எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: என் அண்ணனின் வலது பாதத்தில் ஐந்து ஆண்டுகளாக வீக்கம் இருக்கிறது. பெரிய வலி இல்லாததால் அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. இப்போது பாதத்தில் நான்கைந்து துளைகள் தோன்றி, சீழோடு கறுப்பு நிறக் குருணைகளும் வெளிவருகின்றன. ஒரு மருத்துவர் ஆன்டிபயாடிக் கொடுத்தார். இன்னொருவர் பூஞ்சைக்கான மாத்திரை எழுதினார். மூன்றாமவர் பாதத்தையே எடுத்துவிட வேண்டியிருக்கும் என்கிறார். நாங்கள் யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: வலியற்ற வீக்கம், சீழ் வடியும் துளைகள், சீழில் குருணைகள் ஆகிய மூன்றும் ஒருசேர இருந்தால் முதலில் நினைக்க வேண்டிய நோய் மைசிட்டோமா. மதுரையில் பணியாற்றிய ஜான் கில் என்ற மருத்துவர் 1842-இல் இதைப் பதிவு செய்ததால் 'மதுராக் கால்' என்ற பெயரும் இதற்கு நிலைத்துவிட்டது. அதன் காரணமாக இதை ஒரு வட்டாரத்து நோய் என்று எண்ணிவிடக் கூடாது. சூடான், மெக்சிகோ உள்ளிட்ட பல வெப்பமண்டல நாடுகளில் இன்றும் இது மக்களை முடக்குகிறது. உலக சுகாதார நிறுவனம் 2016-இல்தான் இதைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது.

உங்கள் அண்ணனுக்கு மூன்று மருத்துவர்கள் மூன்று வழிகளைச் சொன்னதில் வியப்பில்லை. வெளிப்பார்வைக்கு ஒரே மாதிரித் தோன்றும் இந்தப் பாதநோயை இரண்டு வேறுபட்ட உயிரினக் கூட்டங்கள் உண்டாக்குகின்றன. ஒன்று உண்மையான பூஞ்சைகள். அவற்றுள் மதுரெல்லா மைசிட்டோமாட்டிஸ் முதன்மையானது. மற்றொன்று, இழையிழையாக வளர்வதால் நீண்ட காலம் பூஞ்சை என்றே கருதப்பட்டு வந்த நொகார்டியா, ஆக்டினோமடூரா போன்ற பாக்டீரியாக்கள். பாக்டீரியாவால் வந்ததற்குக் கோட்ரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரையும், அதனுடன் சுழற்சி முறையில் அமிக்காசின் போன்ற ஊசியும் தரும்போது, பெரும்பாலான நோயாளிகளுக்கு அறுவை சிகிச்சை தேவைப்படாமலேயே குணம் கிடைக்கிறது. அமிக்காசின் செவித்திறனையும் சிறுநீரகத்தையும் பாதிக்கக்கூடியது என்பதால் அவ்விரண்டையும் இடையிடையே சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும். பூஞ்சையால் வந்தது இவ்வளவு எளிதில் அடங்காது. அதற்கு இட்ராகோனசோல் போன்ற பூஞ்சை மருந்தை ஓராண்டோ அதற்கு மேலோ உட்கொள்ளவும், பல வேளைகளில் அறுவை சிகிச்சை செய்துகொள்ளவும் நேரும். பாக்டீரியா வகைக்குப் பூஞ்சை மாத்திரையும் பூஞ்சை வகைக்கு ஆன்டிபயாடிக்கும் கொடுத்து ஆண்டுகளை வீணாக்கியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த ஆண்டுகளில் நோய் எலும்புக்குள் போய்விடுகிறது.

கிருமிகள் ஒன்றுதிரண்ட சிறு கட்டிகளே இந்தக் குருணைகள். அவற்றின் நிறம் ஓரளவுக்கு வழிகாட்டும். கறுப்பு என்றால் பூஞ்சை. சிவப்பு என்றால் பெரும்பாலும் ஆக்டினோமடூரா பெல்லட்டியேரி என்ற பாக்டீரியா. வெள்ளையும் மஞ்சளும் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். ஆனால் உறைந்து உலர்ந்த இரத்தத் துணுக்கும் கறுப்பாகத்தான் தெரியும் என்பதால், வீட்டில் கண்ணால் பார்த்ததை வைத்து முடிவெடுக்க முடியாது. துளைகளின் மேல் தூய்மையான காஸ் துணியை வைத்து இரவு முழுவதும் கட்டி வைத்தால் காலையில் குருணைகள் அதில் ஒட்டியிருக்கும். அவற்றைச் சோதனைக்கூடத்தில் நசுக்கி நுண்ணோக்கியில் பார்க்கும்போது, ஒரு மைக்ரானுக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மெல்லிய இழைகள் தெரிந்தால் பாக்டீரியா என்றும், 2 முதல் 5 மைக்ரான் வரை தடித்த இழைகள் தெரிந்தால் பூஞ்சை என்றும் அன்றைக்கே பிரித்துச் சொல்லிவிடலாம். எந்தப் பூஞ்சை என்பதை உறுதிசெய்ய ஆழத்திலிருந்து எடுத்த திசுவில் கல்ச்சர், அதாவது கிருமியைச் சோதனைக்கூடத்தில் வளர்த்துப் பார்க்கும் சோதனை, செய்ய வேண்டும். நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதை எக்ஸ்ரேயும் எம்ஆர்ஐ ஸ்கேனும் காட்டும். வட்டத்துக்குள் புள்ளி வைத்தாற்போல எம்ஆர்ஐயில் தென்படும் அடையாளம் இந்த நோய்க்கே உரியது; வட்டம் அழற்சித் திசு, நடுவிலுள்ள புள்ளி குருணை.

பாதத்தை அகற்றுவது கடைசி வழி. பூஞ்சை மைசிட்டோமா என்று உறுதியானால், அறுவைக்கு முன் சுமார் ஆறு மாதங்கள் மருந்து கொடுத்து, நோய்ப்பகுதி சுருங்கித் தனித்துத் திரண்ட பிறகு அதை மட்டும் முழுமையாக வெட்டியெடுத்து, அதன் பின்னும் மாதக்கணக்கில் மருந்தைத் தொடர்வது என்பது சூடானில் ஆயிரக்கணக்கான நோயாளிகளைப் பார்த்த மருத்துவர்கள் வகுத்த முறை. மருந்தின் துணையில்லாமல் அவசரமாக வெட்டியவர்களுக்கு நோய் திரும்ப வருவது மிகவும் சாதாரணம். வாரத்துக்கு ஒருமுறை மட்டும் உட்கொள்ளும் ஃபாஸ்ராவுகோனசோல் என்ற புதிய மருந்தைச் சூடானில் இட்ராகோனசோலோடு ஒப்பிட்டு ஆய்வு நடத்தி 2024-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பலன் ஏறத்தாழ இணையாக இருந்தது. தினமும் மாத்திரை விழுங்கிச் சலித்துப்போகும் நோயாளிகளுக்கு இது நல்ல செய்தி.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான்: மூவரில் யாருடைய சிகிச்சையையும் இப்போதைக்குத் தொடங்காமல், 'இது பூஞ்சையா, பாக்டீரியாவா என்பதற்குச் சான்று என்ன?' என்று கேளுங்கள். சான்றைத் தேடித் தருகிற மருத்துவரிடம் சிகிச்சை பெறுங்கள்.

கேள்வி: தோட்டவேலையின்போது என் விரலில் முள் குத்தியது. சில வாரங்களில் அங்கே ஒரு சிறு கட்டி வந்து புண்ணாகி, பிறகு முன்கையில் மேல்நோக்கி வரிசையாக முடிச்சுகள் தோன்றின. பயாப்ஸி (திசுவை எடுத்துச் செய்யும் சோதனை) அறிக்கையில் 'கிரானுலோமா' என்று இருந்ததால் காசநோய் மருந்து கொடுத்தார்கள். நான்கு மாதங்களாகியும் குணமில்லை. கல்ச்சர் செய்யலாமா என்று கேட்டதற்கு, எடுத்த திசு முழுவதும் ஃபார்மலினில் போட்டாகிவிட்டது, இனிச் செய்ய முடியாது என்கிறார்கள்.

பதில்: கிரானுலோமா என்பது உடல் தன்னால் எளிதில் அழிக்க முடியாத ஒன்றைச் சுற்றிப் பாதுகாப்பு அணுக்களைத் திரட்டி நிறுத்தும் ஓர் எதிர்வினை மட்டுமே. காசநோயில் அது வரும், பூஞ்சையிலும் வரும், தொழுநோயிலும், உள்ளே தங்கிவிட்ட முள்ளின் துணுக்கைச் சுற்றியும்கூட வரும். அந்த ஒரு சொல்லை வைத்துக் காசநோய் என்று முடிவுசெய்வது சரியல்ல.

முள் குத்திய இடத்தில் புண், அங்கிருந்து நிணநீர் நாளத்தின் வழியே மேலேறும் முடிச்சு வரிசை என்று நீங்கள் எழுதியிருப்பது ஸ்போரோட்ரைக்கோசிஸ் என்னும் பூஞ்சைத் தொற்றின் போக்கோடு பெரிதும் ஒத்துப்போகிறது. 1898-இல் அமெரிக்காவில் பெஞ்சமின் ஷென்க் முதன்முதலில் விவரித்த நோய் இது. மண்ணிலும் அழுகும் தாவரப் பொருள்களிலும் மரத்திலும் வாழும் பூஞ்சை, தோல் கிழிந்த இடத்தில் உள்ளே போகிறது. 1940-களில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் முட்டுக்கொடுத்திருந்த மரங்களில் இப்பூஞ்சை வளர்ந்ததால் ஏறத்தாழ 3,000 தொழிலாளர்களுக்கு இது தொற்றியது. மரங்களுக்குப் பூஞ்சைக்கொல்லி பூசிய பிறகே அது அடங்கியது.

இந்த நோயில் திசுவுக்குள் பூஞ்சை அணுக்கள் மிகக் குறைவாகவே இருக்கும். பிஏஎஸ், ஜிஎம்எஸ் போன்ற பூஞ்சைக்குரிய சாயங்களை ஏற்றிப் பார்த்தாலும் அவை அகப்படாமல் போகலாம். எனவே கல்ச்சர்தான் இங்கே தீர்ப்புச் சொல்ல வேண்டியது. பெரும்பாலும் இரண்டு வாரங்களுக்குள் பூஞ்சை வளர்ந்துவிடும். 25 டிகிரி செல்சியஸில் இழையாகவும் 37 டிகிரியில் ஈஸ்ட் அணுவாகவும் அது உருமாறுவதைக் கொண்டு அடையாளம் காண்பார்கள்.

திசு முழுவதையும் ஃபார்மலினில் போட்டுவிட்டார்கள் என்று நீங்கள் எழுதிய வரி என்னை மிகவும் வருத்தியது. ஃபார்மலின் திசுவின் அமைப்பைக் காப்பாற்றும், ஆனால் அதிலுள்ள எல்லா உயிரையும் கொன்றுவிடும். அதற்குப் பின் எதுவும் வளராது. திசுவை இரண்டாகப் பிரித்து, ஒரு துண்டை ஃபார்மலினிலும் மற்றொன்றைக் கிருமிநீக்கிய சலைன் உப்புநீரிலும் அனுப்ப அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடக் கவனம் இல்லாததால் நோயாளிகள் மாதக்கணக்கில் தவறான மருந்தை விழுங்க நேர்கிறது. தோலுக்கு அடியிலுள்ள, நாள்பட்ட எந்தக் கட்டிக்குப் பயாப்ஸி எடுத்தாலும், எடுப்பதற்கு முன்பே 'கல்ச்சருக்கும் ஒரு துண்டு அனுப்புவீர்களா?' என்று நோயாளியோ உடன் வந்தவரோ கேட்கலாம். அப்படிக் கேட்பது மருத்துவரை அவமதிப்பதாகாது.

இப்போது நீங்கள் மீண்டும் ஒரு பயாப்ஸி எடுத்துக்கொள்ளத்தான் வேண்டும். அந்தத் திசுவைப் பூஞ்சைக்கும், காசநோய்க் கிருமிக்கும், அதன் இனத்தைச் சேர்ந்த பிற மைக்கோபாக்டீரியாக்களுக்கும் சேர்த்தே அனுப்பச் சொல்லுங்கள். மீன்தொட்டி நீரின் வழியாகத் தொற்றும் மைக்கோபாக்டீரியம் மரைனம் இதே போன்ற முடிச்சு வரிசையை உண்டாக்கும். அது 30 டிகிரி வாக்கில்தான் நன்றாக வளரும் என்பதால், சந்தேகத்தைச் சோதனைக்கூடத்துக்கு முன்கூட்டியே எழுதித் தெரிவிக்க வேண்டும்.

ஸ்போரோட்ரைக்கோசிஸ் என்று உறுதியானால் இட்ராகோனசோல் வழக்கமாக மூன்று முதல் ஆறு மாதங்கள் வரை தரப்படும். உங்கள் நிலையில் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். காசநோய் மருந்துகளில் ஒன்றான ரிஃபாம்பிசின், கல்லீரலைத் தூண்டி இட்ராகோனசோலை மிக விரைவாகச் சிதைக்கச் செய்துவிடும். இரண்டையும் சேர்த்து உட்கொண்டால் பூஞ்சை மருந்து இரத்தத்தில் நிற்கவே நிற்காது. ரிஃபாம்பிசினை நிறுத்திய பிறகும் இந்த விளைவு சுமார் இரண்டு வாரங்கள் நீடிக்கும். ஆனால் காசநோய் மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அந்த முடிவைச் சிகிச்சை அளிப்பவர்தான் எடுக்க வேண்டும்.

கேள்வி: எனக்கு இட்ராகோனசோல் காப்ஸ்யூல் எழுதியிருக்கிறார்கள். நெஞ்செரிச்சலுக்கும் கொலஸ்டிராலுக்கும் ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறேன். சேர்த்துச் சாப்பிடலாமா?

பதில்: இட்ராகோனசோல் காப்ஸ்யூல் கரைவதற்கு இரைப்பையில் அமிலம் வேண்டும். ஆகவே அதை முழு உணவுக்குப் பின் உடனே விழுங்க வேண்டும். ஒமெப்ரசோல், பான்டோபிரசோல் போன்ற அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகளைச் சேர்த்துச் சாப்பிட்டால் மருந்து உடலில் சேர்வது வெகுவாகக் குறையும். திரவ வடிவில் வருவதற்கு விதி நேரெதிரானது. அதை வெறும் வயிற்றில் குடிக்க வேண்டும். கொலஸ்டிரால் மருந்துகளில் சிம்வாஸ்டாட்டினையும் லோவாஸ்டாட்டினையும் இதனுடன் சேர்க்கவே கூடாது, தசைகள் சிதையும் அபாயம் உண்டு. இதயம் பலவீனமானவர்களுக்கு இந்த மருந்து பொதுவாக ஏற்றதல்ல. கால் வீக்கமோ மூச்சுத்திணறலோ தோன்றினால் அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். கருவுற்றிருப்பவர்களும் கருவுறத் திட்டமிடுபவர்களும் தொடங்குவதற்கு முன்பே தெரிவிக்க வேண்டும். மாதக்கணக்கில் உட்கொள்பவர்களுக்குக் கல்லீரல் சோதனை இடையிடையே அவசியம். பலன் தெரியாவிட்டால் அளவைக் கூட்டுவதற்கு முன், இரத்தத்தில் மருந்தின் அளவு எவ்வளவு இருக்கிறது என்று சோதித்துப் பார்ப்பது அறிவுடைமை.

கேள்வி: என் தந்தையின் கணுக்காலுக்கு மேல் பத்து ஆண்டுகளுக்கும் மேலாக மருக்கள் போல வளர்ந்து, இப்போது காலிஃபிளவர் போலத் தடித்துவிட்டது. இருமுறை மருவுக்காகச் சுட்டெடுத்தும் மீண்டும் வளர்ந்துவிட்டது. இது புற்றுநோயாக மாறுமா?

பதில்: நீங்கள் விவரிப்பது குரோமோபிளாஸ்டோமைகோசிஸ் ஆக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஃபான்சிக்கேயா, கிளாடோஃபியலோஃபோரா போன்ற கருநிறமியுள்ள பூஞ்சைகள் (கரும்பூஞ்சைகள்) இதற்குக் காரணம். வளர்ச்சியின் மேற்பரப்பை நன்றாகக் கூர்ந்து பாருங்கள். ஆங்காங்கே நுண்ணிய கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால், அவ்விடங்கள் வழியாகத் தோல் பூஞ்சையை வெளியேற்றுகிறது என்று பொருள். அந்தப் புள்ளிகளையே சுரண்டிப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் இட்டு நுண்ணோக்கியில் பார்த்தால், தடித்த சுவருடன் குறுக்கும் நெடுக்கும் பிளவுண்ட பழுப்பு நிற உருண்டை அணுக்கள் தென்படும். அவற்றைக் கண்டுவிட்டால் நோய் உறுதி. இந்தக் குழுவைச் சேர்ந்த நோய்களில் இவ்வளவு எளிதாகச் சான்று கிடைப்பது இதற்கு மட்டும்தான். அப்படியிருந்தும் பத்தாண்டுகள் மரு என்ற பெயரில் கழிந்துவிடுவதற்குக் காரணம், அந்தச் சோதனையை யாரும் நினைத்துப் பார்க்காததுதான்.

சிறிய அளவில் இருக்கும்போதே முழுவதுமாக வெட்டியெடுத்தால் நோய் தீர்ந்துவிடும். பரவிய பிறகு இட்ராகோனசோலையோ டெர்பினாஃபினையோ நீண்ட காலம் கொடுத்து, திரவ நைட்ரஜனால் உறையவைக்கும் கிரையோதெரபியையும் சேர்த்துச் செய்வார்கள். முழுக் குணம் எல்லோருக்கும் கிடைப்பதில்லை என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனால் வளர்ச்சி சுருங்கி, புண் ஆறி, நடமாட்டம் எளிதாவது பெரும்பாலானவர்களுக்குச் சாத்தியம். உங்கள் அச்சத்துக்கும் அடிப்படை உண்டு. பல ஆண்டுகள் நீடித்த புண்களில் ஸ்குவாமஸ் செல் வகைத் தோல் புற்றுநோய் தோன்றியிருக்கிறது. ஏதேனும் ஓரிடம் மட்டும் வேகமாக வளர்ந்தாலோ, ஆறாத குழிப்புண் ஏற்பட்டாலோ, அந்த இடத்தைத் தனியாகப் பயாப்ஸி எடுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் ஐந்து வயது மகனுக்குத் தொடையில் மரக்கட்டை போன்ற கடினமான வீக்கம் பரவி வருகிறது. வலியோ காய்ச்சலோ இல்லை. புற்றுநோய்க் கட்டியாக இருக்கலாம் என்று சொன்னார்கள். பிறகு பயாப்ஸியில் பூஞ்சை என்று தெரிந்து, சொட்டு மருந்தாக ஏதோ 'அயோடைடு' கொடுக்கிறார்கள். இதற்கு இவ்வளவு எளிய மருந்து போதுமா?

பதில்: உங்கள் மகனுக்குப் பயாப்ஸி எடுக்க முடிவுசெய்த மருத்துவர் மிகச் சரியான காரியம் செய்திருக்கிறார். இது பாசிடியோபோலஸ் என்ற பூஞ்சையால் வரும் தொற்றாகத் தெரிகிறது. தவளை, பல்லி போன்றவற்றின் குடலிலும் அழுகும் இலைதழைகளிலும் வாழும் இப்பூஞ்சை குழந்தைகளின் தொடை, பிட்டம் போன்ற இடங்களைத்தான் அதிகம் தாக்குகிறது. வீக்கத்தின் விளிம்பு தெளிவாக இருப்பதும், அந்த விளிம்புக்கு அடியில் விரலை நுழைத்துச் சற்றே தூக்க முடிவதும் இதன் அடையாளம். இதைப் புற்றுக்கட்டி என்று எண்ணிப் பெரிய அறுவை சிகிச்சை செய்துவிட்ட நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. உங்கள் மகன் அதிலிருந்து தப்பியிருக்கிறான்.

பொட்டாசியம் அயோடைடு கரைசல் நூறாண்டுகளுக்கும் மேலாகப் பயன்பட்டு வரும் மருந்து. ஆய்வுக்கூடத்தில் அது பூஞ்சையை நேரடியாகக் கொல்வதில்லை. உடலின் எதிர்ப்பாற்றல் வழியாகவே செயல்படுகிறது என்று கருதப்படுகிறது. எளிமையாகத் தோன்றினாலும் இந்த நோயில் அதன் பலன் மறுக்க முடியாதது. சில துளிகளில் தொடங்கி, குழந்தை தாங்கும் அளவுக்குப் படிப்படியாகக் கூட்டுவார்கள். உலோகச் சுவை, குமட்டல், மூக்கொழுகல், முகப்பரு போன்ற தடிப்பு, கன்னத்து உமிழ்நீர்ச் சுரப்பி வீக்கம் ஆகியவை வரலாம். தைராய்டு சுரப்பியை இம்மருந்து பாதிக்கக்கூடும் என்பதால் அந்தச் சோதனையைத் தவறவிடாதீர்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் இட்ராகோனசோலுக்கு மாறலாம். வீக்கம் இளகுவதைச் சில வாரங்களிலேயே காண்பீர்கள். முழுவதும் மறைய மாதங்கள் ஆகும்.

கேள்வி: இந்த நோய்கள் வீட்டிலுள்ள மற்றவர்களுக்குத் தொற்றுமா?

பதில்: மனிதரிடமிருந்து மனிதருக்குப் பொதுவாகத் தொற்றுவதில்லை, நோயாளியை ஒதுக்கிவைக்கவோ தனித் தட்டு கொடுக்கவோ தேவையில்லை. பூனை மட்டும் விதிவிலக்கு. பிரேசிலில் 1990-களின் இறுதியிலிருந்து ஸ்போரோத்ரிக்ஸ் பிரசிலியென்சிஸ் என்ற இனம் பூனைகளின் நகக்கீறல், கடி வழியாக ஆயிரக்கணக்கான மனிதர்களுக்குப் பரவியிருக்கிறது. மூக்கிலும் பாதத்திலும் ஆறாத புண்ணுள்ள பூனையைக் கையுறை இல்லாமல் தொடக் கூடாது. அதைக் கைவிடாமல் கால்நடை மருத்துவரிடம் காட்டினால் அதற்கும் சிகிச்சை உண்டு.

கேள்வி: சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டவன் நான். முழங்கையில் வலியில்லாத மெத்தென்ற ஒரு கட்டி ஆறு மாதங்களாக இருக்கிறது. கொழுப்புக் கட்டி என்றும், உள்ளே ஸ்டீராய்டு ஊசி போட்டால் கரையும் என்றும் ஒருவர் சொன்னார்.

பதில்: அந்த ஊசியைப் போட்டுக்கொள்ளாதீர்கள். உடலின் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்துகளை உட்கொள்பவருக்கு இவ்வாறு தோன்றும் தனிக்கட்டி, அல்டர்னேரியா, எக்சோஃபியாலா போன்ற கரும்பூஞ்சைகளால் உண்டான உறையிட்ட கட்டியாக இருக்கக்கூடும். ஸ்டீராய்டு அதற்கு இன்னும் இடம் கொடுத்துவிடும். கட்டியை முழுமையாக எடுத்து, ஒரு பாதியைக் கல்ச்சருக்கு அனுப்புவதே நல்லது. தனிக்கட்டியாக இருந்தால் பல வேளைகளில் எடுப்பதே சிகிச்சையாகவும் அமைந்துவிடும். பூஞ்சை மருந்து தேவைப்பட்டால், அது எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்துகளான டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின் ஆகியவற்றின் அளவை இரத்தத்தில் வெகுவாக உயர்த்திவிடும் என்பதால், உங்கள் சிறுநீரக மருத்துவருக்குத் தெரியாமல் ஒரு காப்ஸ்யூல்கூட விழுங்க வேண்டாம்.

கேள்வி: மைசிட்டோமாவுக்கு எட்டு மாதங்களாக மருந்து சாப்பிட்டு, துளைகள் எல்லாம் மூடிவிட்டன. நிறுத்திவிடலாமா?

பதில்: துளை மூடியது நல்ல அறிகுறிதான், அதை மட்டும் வைத்து நிறுத்த முடியாது. தோல் ஆறிய பிறகும் ஆழத்தில் குருணைகள் உயிரோடு இருக்கலாம். வீக்கம் வடிந்திருக்கிறதா, புதிய துளை இல்லாமல் சில மாதங்கள் கடந்திருக்கின்றனவா, அல்ட்ராசவுண்டிலோ எம்ஆர்ஐயிலோ குருணைகள் மறைந்திருக்கின்றனவா, எலும்பிலுள்ள குழிகள் நிரம்பத் தொடங்கியிருக்கின்றனவா என்பதைப் பார்த்தே உங்கள் மருத்துவர் முடிவுசெய்வார். நிறுத்திய பின்னும் முதல் ஆண்டில் சில மாதங்களுக்கு ஒருமுறை சென்று காட்டுங்கள். பழைய தழும்பைச் சுற்றிப் புதிதாக ஒரு சிறு முடிச்சு கையில் தட்டுப்பட்டாலும், அடுத்த சந்திப்பு நாள் வரும்வரை காத்திருக்காமல் போய்விடுங்கள். போகும்போது பழைய பயாப்ஸி அறிக்கையையும் கல்ச்சர் முடிவையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.